‘புஷ்’ என்னும் ஒற்றைச் சொல்

சென்ற மாதம் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வரங்கின் தேநீர் இடைவேளையில், மாலை வகுப்புக்கு நேரமாகிறதென்று நான் பையைத் தூக்கியபோது, நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர், “காசு கொடுத்துச் சாட்டை வாங்குகிறீர்களா?” என்று கேட்டார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்துவிட்டுப் புறப்பட்டேன். கிராஃபைட் இந்தியா சந்திப்பின் நெரிசலில் பேருந்து நின்றுகொண்டிருந்த வேளையில்தான் சொல்லியிருக்க வேண்டிய பதில் தோன்றியது. அது நீளமானது; ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அவருடைய கேள்விக்குப் பின்னால் ஒரு கோட்பாடு நிற்கிறது. ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட நூலிலிருந்து ‘பணிவுறும் உடல்’ என்ற கருத்தை எடுத்து, அதனுடன் நவதாராளவாதத்தைச் சேர்த்து, கண்ணாடி பதித்த கூடத்தில் இசைக்கு ஏற்பக் குதிக்கும் மென்பொருள் ஊழியர்மேல் பொருத்தினால் கட்டுரை தயார். முதலாளி வெளியே நின்று வேலை வாங்கிய காலம் போய், தன்னைத் தானே வேலை வாங்கிக்கொள்ளும் மனிதன் பிறந்துவிட்டான். உயர்தீவிரக் குழு உடற்பயிற்சி அவனுடைய மாலை நேர வழிபாடு. இந்த வகைக் கட்டுரைகள் இரண்டை நானே எழுதியிருக்கிறேன். அவற்றை எழுதியபோது எனக்கு ஒருமுறைகூட மூச்சு வாங்கியதில்லை.

அந்தக் கோட்பாடு முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. தகவல் தொழில்நுட்பத் துறையின் உழைப்பைப் பற்றிய களப்பணிக்காக மூன்றாண்டுகளாக வைட்ஃபீல்டில் வசிக்கிறேன். 1882இல் மைசூர் மன்னர் அளித்த நிலத்தில் ஆங்கிலோ-இந்தியர்களின் வேளாண் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர் இது. 1990களில் சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு அதன் நிலமும் நேரமும் வேறொன்றாயின. 2016இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட கல்ட் நிறுவனம் ‘குழு வகுப்பு’ என்னும் வடிவத்தை நகரெங்கும் பரவச் செய்தது. இன்று ஹோப் ஃபார்ம் சந்திப்பிலிருந்து வர்த்தூர் வரை எத்தனையோ பெயர்களில் எத்தனையோ கூடங்கள். நான் செல்வது அவற்றுள் ஒரு சிறு கூடம். பெயர் இந்த வாதத்துக்குத் தேவையில்லை. மருந்துக் கடை ஒன்றின் மேல்தளத்தில், மாலை ஏழு மணிக்கு, கழுத்தில் அடையாள அட்டை அணிந்திருந்த தடம் மாறாமல் இருபத்தைந்து பேர் நிற்பார்கள். இசை உரக்க ஒலிக்கும். நாற்பது வினாடி உழைப்பு, இருபது வினாடி ஓய்வு. முப்பதாம் வினாடியில் பயிற்றுநர் கத்துவார்: “புஷ்! கம் ஆன், புஷ்!”

என் வாதம் முழுவதும் அந்தச் சொல்லைப் பற்றியது. அச்சொல்லைக் கேட்டதும் நம் கோட்பாட்டாளர்களுக்குச் சாட்டை நினைவுக்கு வருகிறது. கூடத்தை நடத்துபவருக்கு அது மன உறுதிக்கான அழைப்பு. அது ஓர் அறிவின் பெயர் என்பது இரு தரப்பினருக்கும் தெரியவில்லை. தன் உடலை எவ்வளவு தூரம், எந்த வேகத்தில், எந்த நாளில் செலுத்தலாம் என்பது கற்றுக்கொள்ளக் கூடியது, கற்பிக்க வேண்டியது. கற்பிக்காமல் கத்துவதுதான் இங்கே நடக்கும் தவறு.

முதலில் என் துறையினருக்குப் பதில்.

என் உடலை முதன்முதலில் ஒழுங்குறுத்தியது வைட்ஃபீல்டின் கண்ணாடிக் கூடமன்று. விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பதின்மூன்று வயதில் பூப்பெய்திய நாளில் அந்த வேலை முடிந்துவிட்டது. ஓடாதே, குதிக்காதே, துப்பட்டாவைச் சரிசெய், சத்தமாக மூச்சு விடாதே. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் எங்கள் விளையாட்டுப் பாடவேளையைக் கணித ஆசிரியர் எடுத்துக்கொண்டார். அதை எவரும் குறையாகச் சொன்னதில்லை. அதன்பின் கல்லூரி, விடுதி, நூலகம், ஆய்வு. முப்பத்தொரு வயதில் அந்தக் கூடத்தில் காலெடுத்து வைக்கும் வரை, பிறர் பார்க்கும்படி வாய் திறந்து மூச்சிரைத்த அனுபவம் எனக்கு இருந்ததே இல்லை. முதல் வகுப்பின் எட்டாம் நிமிடத்தில் இதயம் காதுக்குள் அடித்தபோது சாகப் போகிறேன் என்றே நம்பினேன். அது சாவன்று, இதயம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அந்த வேறுபாட்டை எனக்கு முப்பத்தொரு ஆண்டுகளாக ஒருவரும் கற்றுத்தரவில்லை. அதைக் கற்றுக்கொள்ளச் சென்ற இடத்தை ‘ஒழுங்குறுத்தும் வெளி’ என்று அழைப்பவர், அதற்கு முந்தைய வெளிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று அறிய விரும்புகிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் பெண்கள். ஈரோடு, ராய்ச்சூர், கண்ணூர், கட்டாக் என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய கதையும் இதிலிருந்து அதிகம் வேறுபடாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை. பெண்களிடையே நிலைமை இன்னும் மோசம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு பிற நாட்டினரைவிடச் சராசரியாக ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதை ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு காட்டி இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இந்தச் சூழலில் மூச்சு வாங்குவதை வர்க்கத் துரோகமாகச் சித்திரிப்பது, வசதியான நாற்காலியில் அமர்ந்து செய்யப்படும் விமர்சனம். அந்த நாற்காலியும் ஆராயப்பட வேண்டிய பொருள்தான்.

இனிக் கூடத்தை நடத்துவோருக்கு. இங்கே எனக்குக் கோபம் அதிகம்.

‘டபாட்டா’ என்று பெயரிட்டு அவர்கள் விற்கும் இருபது வினாடி, பத்து வினாடிக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஜப்பானிய வேகச் சறுக்கு வீரர்களின் பயிற்றுநர் பயன்படுத்திய முறையை இசுமி டபாட்டாவும் அவருடைய குழுவினரும் ஆய்வகத்தில் சோதித்து 1996இல் வெளியிட்டனர். பங்கேற்றவர்கள் உடற்கல்வி பயின்ற இளம் ஆண்கள். கருவி, நிலையாகப் பொருத்தப்பட்ட மிதிவண்டி. ஒவ்வொருவருடைய உச்ச ஆக்சிஜன் நுகர்வும் தனித்தனியே அளக்கப்பட்டு, அதில் 170 விழுக்காட்டுக்கு ஈடான சுமை அவரவருக்கு வகுக்கப்பட்டது. ஏழெட்டுச் சுற்றுகளில் அவர்கள் முற்றிலும் ஓய்ந்துபோயினர். ஆறு வாரங்களில் கிடைத்த பயன் வியப்பூட்டியது உண்மை. ஆனால் அளவிடுதல்தான் அந்த ஆய்வின் உயிர். அந்த உயிரை நீக்கிவிட்டு, கடிகாரத்தை மட்டும் எடுத்துவந்து, பத்து மணி நேரம் நாற்காலியில் இருந்துவிட்டு வந்த நாற்பத்திரண்டு வயதுக்காரரையும் இருபத்து நான்கு வயதுக் கால்பந்து வீரரையும் ஒரே கடிகாரத்தின் கீழ் நிறுத்துகிறார்கள்.

அளவிடுகிறோமே என்பார்கள், சுவரில் திரை இருக்கிறது, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இதயத்துடிப்பு ஒளிர்கிறது. அந்தத் திரை சிவப்பாவது எப்போது? 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை விழுக்காடு எட்டினால். இந்தச் சூத்திரம் 1971இல் ஒரு கட்டுரையில் இடம்பெற்றது. பலருடைய தரவுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதப்பட்ட தோராயமான கோடு, இதற்கெனச் செய்யப்பட்ட ஆய்வின் முடிவன்று. ஒரே வயதினரிடையே உண்மையான உச்சத் துடிப்பு அந்தக் கணக்கிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடவோ குறையவோ இருப்பது இயல்பு. சிலருக்கு இருபதும் ஆகும். ஆக, சிவப்பைக் கண்டு அஞ்சி ஒருத்தி தேவையின்றி நிறுத்துகிறாள். பச்சையைக் கண்டு வெட்கி இன்னொருவன் தேவையின்றித் தன்னை வதைக்கிறான். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா-தடுப்பான் மாத்திரை உண்பவருக்கோ அந்தத் திரை நாள்தோறும் பொய் சொல்கிறது, ஏனெனில் அம்மருந்து துடிப்பையே அடக்கி வைக்கிறது.

திரையைவிடப் பழையதும் மலிவானதுமான ஒரு கருவி உண்டு. சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க் 1960களில் உருவாக்கிய உழைப்புணர்வு அளவுகோல். 6 முதல் 20 வரை எண்கள். 6 என்றால் உழைப்பே இல்லை, 13 சற்றுக் கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம், 20 அதற்குமேல் இயலாது. உடல் நலமுள்ள இளையோரிடத்தில் அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத்துடிப்பு வந்துவிடும் என்பதற்காகவே 6இல் தொடங்கினார். எளிய கேள்வி: இப்போது உனக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது? இக்கேள்வியை அந்தக் கூடத்தில் முதல் ஏழு மாதங்களில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தொடக்கத்தில் என்னால் விடை சொல்லியிருக்க முடியாது என்பது வேறு. இழுக்கு எனக்குரியதன்று, அந்த அளவுகோலைப் படிக்கவே பழக வேண்டும். எல்லாவற்றையும் ‘முடியவில்லை’ என்ற ஒரே சொல்லில் உணர்பவருக்கு 12க்கும் 18க்கும் வேறுபாடு தெரியாது.

இந்த இடத்தில் என் அப்பத்தா நினைவுக்கு வருகிறார். நாற்பதாண்டுகள் களை பறித்தவர். மாலையில் திண்ணையில் காலை நீட்டி அமர்ந்து, “கால் கடுக்குது தாயி” என்பார். வேறொரு நாள், “கால் உளையுது.” இன்னொரு நாள், “குடையுது.” சிறு வயதில் இவையெல்லாம் ஒன்றே என எண்ணியிருந்தேன். இல்லை. கடுப்பு, தசை உழைத்துக்கொண்டிருக்கும்போதே தீப்போல எழுவது. நின்றால் ஓரிரு நிமிடத்தில் தணியும். உளைச்சல், பழகாத வேலை செய்த மறுநாளோ மூன்றாம் நாளோ வந்து சில நாளில் போவது. உடற்பயிற்சி நூல்கள் இதைத் தாமதத் தசைவலி என்கின்றன. குடைச்சல், ஆழத்தில் எலும்போடு இருப்பது. உழைப்பு நின்ற பின்னும் இரவில் வருத்துவது. குத்தல் மூட்டுக்கு உரியது. அங்கே நிறுத்தியாக வேண்டும். சுளுக்கு, பிடிப்பு, விறைப்பு மூன்றும் மூன்று. மூச்சுக்கும் அப்படியே: இளைப்பு, இரைப்பு, திணறல். நெஞ்சுக்குப் படபடப்பு, அடைப்பு, தலைக்குக் கிறுகிறுப்பு. உடலுழைப்பில் வாழ்ந்த ஒரு சமூகம் போர்க் பிறப்பதற்கு முன்பே இந்த அளவுகோலைத் தன் மொழியில் எழுதி வைத்திருக்கிறது. கடுப்பா, தொடரலாம். திணறலா, வேகத்தைக் குறை. நெஞ்சில் அடைப்பா, கண் இருட்டுகிறதா, அந்த நொடியே உட்கார்.

‘இன்னும் கொஞ்சம் செலுத்து’ என்ற கட்டளை இவற்றுள் எதற்கு எதிரானது? கடுப்புக்கு எதிரானது என்றால் நியாயம். முதல் முப்பது வினாடியில் எழும் கடுப்பைக் கண்டு பின்வாங்குவதே புதியவரின் இயல்பு. அதைக் கடந்தும் உடல் தாங்கும் என்று அறிவதுதான் கற்றலின் பெரும்பகுதி. நான் கற்றதும் அதுதான். அதற்கு நன்றியுடையவளாகவே இருக்கிறேன். ஆனால் பயிற்றுநரிடம் இருப்பது ‘புஷ்’ என்னும் ஒற்றைச் சொல். கடுப்புக்கும் அதுவே, குத்தலுக்கும் அதுவே, கிறுகிறுப்புக்கும் அதுவே. பக்கத்து வரிசையில் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அதே சொல்லைக் கேட்டேன். நம் பேச்சுமொழி இவ்விடத்தில் சற்று உதவாமலும் போகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: தம் கட்டு, முக்கு, மூச்சைப் பிடி என்று முயற்சிக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் மூட்டை தூக்குவதற்கு உரியவை, மூச்சை அடைத்துக்கொள்ளச் சொல்பவை. தொடர் இயக்கப் பயிற்சியில் மூச்சை அடைத்தால் இரத்த அழுத்தம் ஏறும், தலை சுற்றும். நான் முதல் சில வாரங்கள் தம் கட்டியே குதித்திருக்கிறேன். திருத்தியவர் பயிற்றுநர் அல்லர். அருகில் நின்ற, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்.

மென்பொருள் ஊழியர்க்கு மட்டும் உரிய ஒரு செய்தி உண்டு. 2009இல் சாமுவேலே மார்கோராவும் அவருடைய குழுவினரும் பதினாறு பேரைத் தொண்ணூறு நிமிடம் கவனத்தைக் கசக்கிப் பிழியும் கணினிப் பணியில் ஈடுபடுத்தி, பின் மிதிவண்டி மிதிக்கச் செய்தனர். அதே ஆட்கள் இன்னொரு நாள் ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்தனர். மூளை களைத்த நாளில் சராசரியாக 640 வினாடியில் நிறுத்திவிட்டனர். மற்ற நாளில் 754 வினாடி. இதயமும் நுரையீரலும் தசையும் இரு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரியே இயங்கின. மாறியது உழைப்புணர்வு மட்டுமே. அதே சுமை தொடக்கத்திலிருந்தே கூடுதல் கடினமாகப் பட்டது. வைட்ஃபீல்டில் மாலை ஏழு மணி வகுப்புக்கு வருபவர் தொண்ணூறு நிமிடமன்று, ஒன்பது மணி நேரம் அத்தகைய பணியில் இருந்து வருகிறார். அவருக்கு அன்று 14ஏ 17ஆகத் தோன்றும். அது சோம்பலன்று, அளக்கத்தக்க உடலியல் நிகழ்வு. அவரிடம் “நேற்றைக்கு இதைவிட நன்றாகச் செய்தீர்களே” என்று கேட்பது, வெயிலில் நின்ற வெப்பமானியைக் கடிந்துகொள்வதற்குச் சமம்.

ஏன் கடிந்துகொள்கிறார்கள்? ஏனெனில் அவர்களுடைய கண்ணில் உழைப்பு என்பது ஒழுக்கம். குறைவு என்பது குணக்கேடு. இதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள அலுவலகங்களிலிருந்து இரவல் வாங்கினார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர் சுப்ரமணியன் 90 என்றார். இடையில் 2024இல் கர்நாடக அரசு தகவல் தொழில்நுட்பத் துறையில் ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் சட்டத் திருத்தத்தைப் பரிசீலித்தது. மாநிலத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் அதை எதிர்த்துக் களமிறங்கியது. இந்த மொழி மாலையில் மருந்துக் கடையின் மேல்தளத்துக்கு ஏறி வந்து ‘வரம்பு உன் மனத்தில்தான் இருக்கிறது’ என்று சுவரில் எழுதிக்கொள்கிறது. இந்த அளவில் என் மூத்த ஆய்வாளர் சொன்னது சரி.

ஆனால் அவர் கவனிக்கத் தவறிய ஒன்று இதற்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பயிற்சி முறையின் பெயர் ‘இடைவேளைப் பயிற்சி’. உழைப்புப் பயிற்சியன்று. 1930களில் ஜெர்மனியில் பயிற்றுநர் வோல்ட்மார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெலும் இதை வகுத்தபோது, பயன் விளைவது ஓட்டத்தில் அன்று, ஓட்டங்களுக்கு நடுவிலுள்ள ஓய்வில் என்றே கருதினர். ஓடியவரின் துடிப்பு 180 வரை ஏறலாம். பின் 120க்கு இறங்கும் வரை அடுத்த ஓட்டம் இல்லை. ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்கவில்லையெனில் சுமை மிகுதி. வேகத்தைக் கடிகாரம் முடிவு செய்யவில்லை. ஓடியவரின் மீட்சி முடிவு செய்தது. 70 மணி நேரத் தத்துவத்துக்கு இதைவிட நேரெதிரான ஒன்றை நான் கண்டதில்லை. எந்த அலுவலகம் தன் ஊழியரின் துடிப்பு இறங்கும் வரை அடுத்த பணியை நிறுத்தி வைக்கிறது? ஆக, இந்தக் கூடங்களின் குற்றம் அவை மனிதரைக் கடுமையாக உழைக்க வைக்கின்றன என்பதன்று. ஓய்வைத் திருடிவிட்டு உழைப்பை மட்டும் விற்கின்றன என்பதே. என் கூடத்தில் இருபது வினாடி ஓய்வில்கூட ‘சும்மா நிற்காதீர்கள், அந்த இடத்திலேயே ஓடுங்கள்’ என்பார்கள். சும்மா நிற்பதற்குத்தான் நான் பணம் கட்டியிருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னேன். பயிற்றுநர் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

குழு என்பதைப் பற்றியும் இரண்டு சொல்ல வேண்டும். கூட்டம் எப்போதும் ஊக்கும் என்பது வணிக நம்பிக்கை. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் கயிறு இழுக்கவைத்துப் பார்த்து 1913இல் எழுதினார்: எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியே இழுக்கும் விசையில் ஏறக்குறையப் பாதியையே தருகிறார்கள். மாறாக, ஓட்டோ கோலர் 1926இல் பெர்லின் படகுக் குழாத்தினரிடம் கண்டது: இருவர் சேர்ந்து ஒரே எடையைத் தூக்கும்போது, வலுக் குறைந்தவர் தனியே தாங்கியதைவிடக் கூடுதல் நேரம் தாங்கினார், ஏனெனில் அவர் விட்டால் இருவருக்கும் முடிந்தது. ஆனால் இருவருக்கும் வலுவில் மிதமான வேறுபாடு இருக்கும்போதே அந்த ஊக்கம் உச்சம் பெற்றது. வேறுபாடு மிகப் பெரிதானால் மறைந்துபோனது. நம் ஊர் ஏற்றப் பாட்டு இதை அறிந்திருந்தது. சால் எண்ணிக்கையைப் பாட்டே சுமந்தது. மேலே மிதிப்பவரும் கீழே இறைப்பவரும் ஒரே மூச்சில் இயங்கினர். பொழுது முழுவதும் தாங்கும் வேகமே பாட்டின் வேகம். (பண்ணையார் வரப்பில் நின்றதை மறந்து இதைப் பொற்காலமாக்க வேண்டாம், நான் சொல்வது பாட்டின் வேகத்தை மட்டும்.) வைட்ஃபீல்டில் ஒலிக்கும் இசையின் வேகத்தை எவருடைய மூச்சும் தீர்மானிப்பதில்லை. மூன்றாண்டு பழகியவரை முன்வரிசையில் நிறுத்தி, நேற்று சேர்ந்தவரிடம் ‘அவரைப் பார்’ என்பது ஊக்கமன்று; கோலரின் சோதனையைத் தலைகீழாகச் செய்வது.

இனி அச்சத்தைப் பற்றி, ஏனெனில் இதில் உயிர் இருக்கிறது. 2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனித் ராஜ்குமார் உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சில் அசௌகரியம் உணர்ந்து, 46 வயதில் இறந்தார். இந்நகரம் அந்த அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளவில்லை. அப்போது பெங்களூரின் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் பெருகியது. 2025 கோடையின் முடிவில் ஹாசன் மாவட்டத்தில் ஏறக்குறைய நாற்பது நாட்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் இறந்ததாகச் செய்தி வந்தபோதும் அதே கூட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகளில் 18 முதல் 45 வயதினரின் விளக்கமற்ற திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவுகளில், கொரோனா மருத்துவமனைச் சேர்க்கை, குடும்பத்தில் திடீர் மரண வரலாறு, மிகு குடி ஆகியவற்றுடன், இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் மேற்கொண்ட கடும் உடலுழைப்பும் ஒரு காரணியாக இடம்பெற்றது. உடனே அயலார், அத்தை, மாமா அனைவரும் ‘ஜிம்முக்குப் போகாதே’ என்றனர். என் அம்மாவும் அழைத்தார்.

ஆனால் 1993இல் மாரடைப்பு நோயாளிகளிடையே அமெரிக்காவில் மிட்டில்மன் குழுவினர் செய்த ஆய்வு இக்கேள்வியின் மறுபாதியைச் சொல்கிறது. கடும் உழைப்பை ஒட்டிய ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு தூண்டப்படும் வாய்ப்பு, வாரம் ஒருமுறைகூடக் கடுமையாக உழைத்துப் பழகாதவருக்கு 107 மடங்கு உயர்ந்தது. வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ பழகியவருக்கு 2.4 மடங்கு மட்டுமே. எந்தவொரு தனிமனிதருக்கும் எந்தவொரு மணி நேரத்திலும் அந்த வாய்ப்பு மிகச் சிறியது என்பதால் மடங்குக் கணக்கைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் 107க்கும் 2.4க்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பாருங்கள். அந்தத் தூரம் முழுவதும் பழக்கத்தால் கடக்கப்படுவது. அதாவது மெல்ல மெல்லக் கற்பதால். ஓடாமலேயே இருப்பவர் 107இன் பக்கம் தங்கிவிடுகிறார். முதல் நாளிலேயே ‘புஷ்’ என்று விரட்டப்படுபவர் அதே 107இன் பக்கத்தில் வைத்து விரட்டப்படுகிறார். இரண்டுக்கும் நடுவே பாதை இருக்கிறது. அதில் கைப்பிடித்து நடத்துவதே பயிற்றுநரின் தொழில்.

அந்தத் தொழில் நடப்பதில்லை. நான் சேர்ந்த நாளில் என்னிடம் கேட்கப்பட்டவை கைபேசி எண், பணம் செலுத்தும் முறை, ஆடையின் அளவு. நெஞ்சுவலி உண்டா, மயங்கியதுண்டா, மூட்டு நோய் உண்டா, மருந்து உண்பதுண்டா என்ற கேள்விகளைக் கொண்ட ஒரு பக்கப் படிவம் கனடாவில் 1970களிலேயே உருவாகி உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. நிரப்ப மூன்று நிமிடம் ஆகும். என்னை அதை நிரப்பச் சொல்லவில்லை. இத்தனைக்கும் இலவசமாக இதய அறுவை செய்யும் சத்ய சாய் மருத்துவமனை 2001 முதல் இதே வைட்ஃபீல்டில் இருக்கிறது. அங்கே வரும் நோயாளிகளை அந்தச் சாலையில் நாள்தோறும் கடந்துதான் நாங்கள் குதிக்கச் செல்கிறோம்.

பயிற்றுநர்மேல் முழுப் பழியையும் போடவும் மனம் ஒப்பவில்லை. எங்கள் பயிற்றுநர் மணிப்பூரிலிருந்து வந்த இருபத்தாறு வயது இளைஞர். ஒரு நாளில் ஐந்து வகுப்புகள் எடுக்கிறார், சில நாள் ஆறு. காலை ஆறு மணி வகுப்பிலும் இரவு எட்டு மணி வகுப்பிலும் அதே உரத்த குரல். வகுப்பு நிரம்பவில்லையெனில் அவருக்குக் கணக்குக் கேட்கிறார்கள். இருபத்தைந்து பேரில் யாருக்குக் கடுப்பு, யாருக்குக் குத்தல் என்று பார்க்க அவருக்குக் கண் இருக்கிறது, நேரம் இல்லை. தொண்டைக்கு ஓய்வும் இல்லை. என் துறையினர் விமர்சிக்க விரும்பினால் இங்கே தொடங்கலாம்: நூற்றுக்கணக்கானோருக்கு ஓய்வின் அளவைக் கற்பிக்க வேண்டியவருக்கே ஓய்வு மறுக்கப்படுகிறது. இதைப் பற்றி ஒரு கட்டுரையும் நான் இன்னும் படிக்கவில்லை. சாட்டை என்ற உருவகம் எளிது. சாட்டை பிடித்திருப்பவரின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குவது கடினம்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. புதியவருக்கு முதல் ஆறு எட்டு வாரம் 13, 14ஐத் தாண்டாத தனி வகுப்பு. சேரும்போது அந்த ஒரு பக்கப் படிவம். சுவரிலிருந்து பெயர்ப் பட்டியல் இறங்கட்டும். ஓய்வு நேரத்தில் இசை நிற்கட்டும், அவரவர் மூச்சு அவரவர் காதில் கேட்கும்படி. ஒரு வகுப்பில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம்; ஒரு பயிற்றுநருக்கு நாளில் மூன்று வகுப்புக்கு மேல் வேண்டாம். கத்துவதற்கு முன் கேள்வி. வள்ளுவர் ஆள்வினையுடைமையை 62ஆம் அதிகாரமாக வைத்தார், அதற்கு முன்பே 48இல் வலியறிதலை வைத்துவிட்டார் என்று ஒருமுறை கூடத்தின் மேலாளரிடம் சொன்னேன். சுவரில் எழுதலாமா என்று கேட்டார். வேண்டாம், படிவத்தை அச்சிடுங்கள் என்றேன். இன்னும் அச்சிடவில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. எட்டாம் மாதம் நான் பயிற்றுநரிடம் போர்க் அளவுகோலைக் கைபேசியில் காட்டினேன். ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தார். அவருக்கும் எவரும் இதைச் சொல்லித்தந்திருக்கவில்லை. அன்றிலிருந்து நான்காம் சுற்றின் முடிவில் என் அருகே வரும்போது குரலைத் தாழ்த்தி, “நம்பர், மேடம்?” என்கிறார். நான் பெரும்பாலும் 16 என்பேன். அலுவலகத் தரவுகளைக் குறியிட்டுக் களைத்த நாளில் 18. பதினாறு என்றால் தலையசைத்து, ‘இன்னும் ஒரு படி’ என்று விரலால் காட்டுவார். பதினெட்டு என்றால் சுவரைக் காட்டுவார், சாய்ந்து நிற்கச் சொல்லி. சென்ற வியாழக்கிழமை, சேர்ந்து நான்கே நாளான ஒரு பெண், சேலத்துக்காரர், என்னிடம் அது என்ன எண் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த சுற்றில் பயிற்றுநர் கடந்தபோது அவரே கையை உயர்த்தி, இரைத்துக்கொண்டே, “பன்னிரண்டு… இல்லை, இருங்க சார், பதினைஞ்சு” என்றார். பயிற்றுநர் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருந்தார், திரும்பி வந்தார்.